நம்ம பேப்பர் யாருடைய பேப்பர்?

நாளிதழைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்குகிறார்கள். 'நாளிதழ் சமுதாயத்தின் கண்ணாடி.' அடுத்த பத்தியிலோ அதற்கடுத்த பத்தியிலோ இன்னொரு வரி தவறாமல் வந்துவிடும். 'நம்மவர்கள் நடத்தும் தமிழ் நாளிதழ்கள் நம் குரலாக ஒலிக்கின்றன.' இலக்கணப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. திருத்துகிற நாமும் சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

முதல் வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். கண்ணாடிக்கும் ஒரு சட்டம் உண்டு, அந்தச் சட்டத்தைப் போட்டவர் ஒருவர் உண்டு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்தக் கட்டுரை இரண்டாவது வரியைப் பற்றியது. ஒரு நாளிதழின் முதலாளி நம்மவராக இருந்தால், அதில் வரும் குரலும் நம்முடையதாகிவிடுமா? நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற பதில் இது: பல விஷயங்களில் ஆகும், ஆனால் முதலாளியைத் தொடுகிற செய்தி வருகிற நாள்வரைக்கும்தான். அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் ஓர் ஏட்டின் சுதந்திரத்தை அளக்க முடியும்.

ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் வகுப்பெடுப்பவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். 'ஆசிரியர் சுதந்திரம்' என்று எழுதினால் மாணவர்கள் நம் சம்பள உயர்வைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் 'இதழாசிரியரின் சுதந்திரம்' என்றே எழுதுகிறேன். எதை அச்சிடுவது, எதை விடுவது, எதை முதல் பக்கத்தில் போடுவது என்பதை முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் முடிவு செய்கிற உரிமை. அவ்வளவுதான் அதன் பொருள்.

இன்னொன்று. சமூக இதழ் என்றால் ஓர் ஊருக்கான இதழ் என்று மேல்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும். ஈப்போவில் ஆங்கிலத்தில் 'ஈப்போ எக்கோ' அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் சிம்பாங் பூலாயிலோ கோப்பெங்கிலோ இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்குக் கோலாலம்பூரில் அச்சாகி வருகிற தமிழ் நாளிதழ்தான் சமூக இதழ். நம் ஊர்க் கோயில் திருவிழா அதில்தான் வரும், நம் தாத்தாவின் கருமக்கிரியை அறிவிப்பும் அதில்தான் வரும். எனவே இங்கே உள்ளூர் உடைமை என்பது ஊரை வைத்து வருவதைக் காட்டிலும் சமூகத்தை வைத்து வருவது. முதலாளி நம்மில் ஒருவர். அவரை நமக்குத் தெரியும், நம்மை அவருக்குத் தெரியும்.

இந்த அறிமுகம்தான் பலம். சிக்கலும் இதில்தான் தொடங்குகிறது. எங்கோ இருக்கிற பெரிய கம்பெனி ஒரு பத்திரிகையை வாங்கினால் அதற்கு வேண்டியது லாபம். உள்ளூர் முதலாளிக்கு லாபத்தோடு மரியாதையும் வேண்டும். கோயிலில் முதல் மாலை, பள்ளி விளையாட்டுப் போட்டியில் மேடை நாற்காலி, இன்னும் கொஞ்சம் மேலே போனால் தேர்தலில் ஒரு தொகுதி. இவை எல்லாம் அவருடைய வாசகர்கள் நடுவிலேயே இருப்பவை. எழுதப்பட வேண்டியவர்களோடு தினமும் காப்பி குடிக்கிற முதலாளி அவர்.

தொடக்க கால முதலாளிகள்

இந்தச் சிக்கல் புதிதல்ல. 'தமிழ் நேசன்' 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்காரால் தொடங்கப்பட்டது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கி, நம் ஈப்போவிலும் பேசிவிட்டுப் போனார். அந்த வருகையைத் 'தமிழ் நேசன்' எதிர்த்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய 'முன்னேற்றம்' ஆதரித்தது. முன்னேற்றத்தின் பின்னால் இருந்தவர் கோ. சாரங்கபாணி.

இதை மாணவர்களிடம் சொல்லும்போது 'எது நல்ல பேப்பர், எது கெட்ட பேப்பர்' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் போக வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டுமே தமிழ் ஏடுகள், இரண்டையும் நடத்தியவர்கள் நம்மவர்கள். ஆனால் 'நம்மவர்' என்ற ஒரு சொல்லுக்குள் சாதி, சமய நம்பிக்கை, அரசியல் பார்வை என்று எத்தனையோ பிரிவுகள் இருந்தன. ஏடு எடுத்த நிலை அந்தந்த உடைமையாளரின் நிலை. பால்மரக் காட்டில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் நிலை என்ன என்று இரண்டில் எதுவும் வாக்கெடுப்பு நடத்திக் கேட்கவில்லை.

சாரங்கபாணியின் கதை இன்னும் ஆழமானது. 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார இதழாகத் தொடங்கிய 'தமிழ் முரசு' விரைவில் அவருடைய பொறுப்புக்கு வந்து, நாளிதழாகவும் வளர்ந்தது. முதலாளியும் இதழாசிரியரும் ஒரே ஆள். மேலே ஒரு முதலாளி இல்லாததால் அவரால் நினைத்ததை எழுத முடிந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி 1950களின் நடுவில் எழுந்தபோது முரசு தமிழுக்காக இயக்கமே நடத்தியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டியது. தோட்டத்து மக்கள் வெள்ளியாகவும் காசாகவும் கொடுத்தார்கள். இன்று தமிழில் பட்டம் பெற்று நாம் வகுப்பறையில் நிற்பதற்குப் பின்னால் அந்தக் காசுகளும் இருக்கின்றன. எங்கோ லண்டனில் இருக்கும் முதலாளி இதைச் செய்திருப்பாரா? மாட்டார். உள்ளூர் உடைமையின் உச்சம் என்று இதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் அதே ஏட்டின் ஊழியர்கள் 1963இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏடு நின்றுபோய் 1964இல்தான் திரும்ப வந்தது. தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய ஏட்டில் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் இடையே சண்டை. அந்தச் சண்டையை நடுநிலையோடு எழுத அந்த ஏட்டுக்குள் யாரால் முடியும்? முதலாளியும் ஆசிரியரும் ஒரே நாற்காலியில் இருந்தால் மற்ற எல்லாரையும் பற்றி எழுதலாம். அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் எழுத முடியாது.

பின்னாளில், 1995இல், முரசு சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. சிங்கப்பூரில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நாளிதழ்க் கம்பெனியில் தனி ஒருவர் பெரும் பங்கு வைத்துக்கொள்ள முடியாது. கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அதே சட்டம் 'நிர்வாகப் பங்கு' என்று ஒன்றை உண்டாக்கி, இயக்குநரையும் ஊழியரையும் நியமிக்கிற, நீக்குகிற விஷயத்தில் அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 வாக்கு என்று வைத்தது. அந்தப் பங்கை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். ஆக, உடைமையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

சுங்கை சிப்புட் தொகுதியும் தமிழ் நேசனும்

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த கதைக்கு வருவோம். ஈப்போவுக்கு வடக்கே இருக்கிற சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக 1974 முதல் 2008 வரை இருந்தவர் ச. சாமிவேலு. 1979இல் ம.இ.கா. தலைவரானார், 2010 இறுதிவரை அந்தப் பதவியில் இருந்தார். இடையில் நீண்ட காலம் அமைச்சர். அரசியலுக்கு முன்னால் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர் என்பதால் செய்தியின் பலம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய காலத்தில் 'தமிழ் நேசன்' அவர் குடும்பத்தார் கையில் இருந்தது.

இப்போது நம் மாணவர்களின் வரியை இங்கே வைத்துப் பாருங்கள். முதலாளி தமிழர். தோட்டப் புற மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர். இதைவிட 'நம்மவர்' யார் இருக்க முடியும்? ஆனால் ஓர் இனத்தின் முக்கியக் கட்சித் தலைவர், அந்த இனத்துக்குப் பொறுப்பான அமைச்சர், அந்த இனத்தின் மூத்த நாளிதழின் உடைமைக் குடும்பத் தலைவர் என்று மூன்று நாற்காலியும் ஒரே வீட்டில் இருந்தால், 'தலைவரே, நீங்கள் செய்தது சரியில்லை' என்ற தலையங்கம் எங்கிருந்து வரும்? வரும் என்று வாசகரும் எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. பொய்ச் செய்தி போட்டால் மறுப்புப் போடச் சொல்லலாம், வழக்குப் போடலாம். போடாமல் விட்ட செய்திக்கு யாரிடம் போய் மறுப்புக் கேட்பது? வாசகன் எதிர்பார்ப்பதையே நிறுத்திவிட்ட பிறகு அந்த மௌனம் யார் கண்ணிலும் படாது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ம.இ.கா.வில் சாமிவேலுவுக்குத் துணைத்தலைவராக நெடுநாள் இருந்து அவரோடு முரண்பட்டவர் எஸ். சுப்பிரமணியம். 2006இல் கட்சித் தேர்தலில் அந்தப் பதவியை இழந்தார். 'மக்கள் ஓசை' அவர் தரப்புக்கு நெருக்கமான ஏடு என்று அறியப்பட்டது. 2007 நவம்பர் 25இல் ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவே டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் தோற்றார். அந்த மாதங்களில் மக்கள் ஓசை எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு நிறைய இடம் கொடுத்தது. ஏப்ரலில் அதன் உரிமத்தை உள்துறை அமைச்சு புதுப்பிக்க மறுத்தது. ஏடு சில நாள் நின்று, மேல்முறையீட்டுக்குப் பிறகு திரும்ப வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலும் ஒரு படத்துக்காக ஒரு மாதத் தடை வாங்கிய ஏடுதான் அது.

மக்கள் ஓசையின் அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விமர்சனம் என்று வந்துவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும்: அந்தத் துணிச்சல் இதழாசிரியரின் சுதந்திரமா, இல்லை எதிர்ப்பக்க முதலாளியின் கோபமா? என் கணிப்பில் இரண்டும் கலந்தது. பங்காளிச் சண்டையில் பிறந்த சுதந்திரம் அது. பங்காளிகள் ராசியாகிவிட்டால் அது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வாசகனுக்கு அதனால் நன்மை கிடைத்தது. நேசனில் இல்லாதது ஓசையில் இருந்தது, ஓசையில் இல்லாதது நேசனில் இருந்தது. இரண்டையும் வாங்கியவனுக்கு முழுப்படம் கிடைத்தது. அந்தக் காலத்தில் நம் சமூகத்துக்கு இருந்த பத்திரிகைச் சுதந்திரம் எந்த ஏட்டுக்குள்ளும் இருக்கவில்லை. இரண்டு ஏடுகளுக்கு நடுவில் இருந்தது.

அதனால்தான் 2019 ஜனவரி முடிவில் தமிழ் நேசன் 94 ஆண்டு கழித்து நின்றபோது, 'அரசியல் பேப்பர்தானே, போனால் போகட்டும்' என்று சிலர் பேசியது எனக்கு ஒப்பவில்லை. சார்புள்ள ஏடு போனாலும் எதிர்ச் சார்புக்கு இருந்த எடைக்கல் ஒன்று போகிறது.

மலாய் வாசகர்களுக்கும் இதே கதை உண்டு. நம் மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தோடு இதைச் சேர்த்துச் சொல்லலாம். 'உத்துசான் மெலாயு' 1939இல் சிங்கப்பூரில் தொடங்கியபோது சாதாரண மலாய்க்காரர்கள் சிறு சிறு பங்காகப் பணம் போட்டார்கள். பங்குதாரர் மலாய்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் உடைமை என்றால் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனால் 1961இல் அம்னோ தன் ஆளை உள்ளே அனுப்பியபோது இதழாசிரியர் சைட் ஜஹாரி தலைமையில் ஊழியர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தும் தோற்றார்கள். பங்குதாரரின் இனம் மாறவில்லை. ஏடு மாறியது. கட்சிக் கைக்குள் போன உத்துசானும் 2019இல்தான் நின்றது, அக்டோபரில். 2018 மே 9 தேர்தலில் அம்னோ ஆட்சியை இழந்து ஒன்றரை ஆண்டுக்குள். கட்சி பலத்தில் நின்ற ஏடு கட்சி தளர்ந்தால் தானும் தளர்கிறது. அந்த ஏடு பிறகு வேறு கையில் திரும்ப வந்தது. நேசன் வரவில்லை.

சீனர்கள் மட்டும் விதிவிலக்கா என்றால் அதுவும் இல்லை. 2001 மே மாதம் 'நன்யாங் சியாங் பாவ்' நாளிதழை ம.சீ.ச.வின் முதலீட்டு நிறுவனம் வாங்கியபோது அந்தச் சமூகத்திலிருந்தே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எழுத்தாளர்கள் பலர் 'இனி இதற்கு எழுத மாட்டோம்' என்று பேனாவை மூடினார்கள். வாங்கியவரும் சீனர், எதிர்த்தவரும் சீனர். 'நம்மவர் வாங்கினால் என்ன' என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. நம் சங்கங்களில் ஒன்றாவது எப்போதாவது ஒரு தமிழ் நாளிதழின் பங்கு கைமாறுவதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியதுண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உரிமம், வாழ்த்து விளம்பரம்

முதலாளி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பாதி உண்மை. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி ஒவ்வோர் ஏட்டுக்கும் உரிமம் வேண்டும். 2012 திருத்தம்வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபர் ஓப்ராசி லாலாங்கில் 'தி ஸ்டார்', 'சின் சியூ', 'வாத்தான்' மூன்றும் நிறுத்தப்பட்டன. ஸ்டார் ஆளுங்கட்சிக் கூட்டணியில் இருந்த ம.சீ.ச.வின் ஏடு. அதற்கே அந்தக் கதி. ஆண்டுக்கு ஒருமுறை அமைச்சின் கதவைத் தட்ட வேண்டிய நிலையில், அந்தக் கதவைத் திறக்கக்கூடிய அரசியல்வாதி ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்வது முதலாளிக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். உடைமையும் உரிமமும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்தன.

அடுத்தது பணம். நம் நாளிதழ்களில் யாருக்காவது டத்தோ பட்டம் கிடைத்த வாரத்தைப் புரட்டிப் பாருங்க. அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வாழ்த்து. தீபாவளிச் சிறப்பு மலரைத் தூக்கினால் பாதி எடை வாழ்த்துதான். பிறந்தநாள், திருமண நாள், கோயில் தலைவர் பதவி, எல்லாவற்றுக்கும் விளம்பரம். சிறிய சந்தையில் பிழைக்க வேண்டிய ஏடுகள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் போன மாதம் முழுப் பக்க வாழ்த்துப் போட்டவரைப் பற்றி இந்த மாதம் ஒரு புகார் வந்தால் செய்தியாசிரியரின் கை எங்கே போகும்? வட்டார நிருபருக்கு இன்னும் கஷ்டம். செய்தி சேகரிப்பவரும் அவரே, விளம்பரம் கேட்டுப் போகிறவரும் அவரே என்று இருந்தால், காலையில் கை நீட்டிய வாசலில் மாலையில் கேள்வியோடு நிற்க வேண்டும்.

எங்கள் சிம்பாங் பூலாயைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். கல்லுடைக்கிற வேலை நடக்கிறது, லாரிகள் ஓடுகின்றன. ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம்: இங்கே ஓர் உள்ளூர்த் தமிழ் வார இதழ் தொடங்குகிறோம், பணம் போடுகிறவர் ஒரு லாரி முதலாளி. நல்ல மனிதர், தமிழ்ப் பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். தூசியால் பிள்ளைகளுக்கு இருமல் என்று ஒரு தாய் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம் வருமா? ஐந்தாம் படிவ மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். 'வராது சார்' என்பவர்கள் ஒரு பக்கம். 'அவர்தானே கூரை போட்டார், அவரை எப்படி சார் எழுதறது' என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பதில்தான் முக்கியமானது. முதலாளி மிரட்டவே வேண்டாம். நன்றியே போதும், பேனா தானாக நின்றுவிடும்.

முதலாளி பார்க்காத பக்கம்

இவ்வளவு குறை சொன்ன பிறகு நேர்மைக்காக ஒன்றைச் சொல்லணும். நம் இலக்கியம் வளர்ந்தது இதே ஏடுகளில்தான். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியது தமிழ் நேசனில். முருகு சுப்பிரமணியன் அதன் ஆசிரியராக இருந்தபோது இந்த நாட்டு எழுத்தாளர்களை முன்னுக்குக் கொண்டுவந்தார், சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்தார். தமிழ் முரசின் மாணவர் மணிமன்ற மலரில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பிறகு எழுத்தாளர்களாகவும் மணிமன்ற இயக்கத்தவர்களாகவும் ஆனார்கள். தேர்வுக்குப் படிக்கிற மலேசியச் சிறுகதையின் வேர் ஞாயிறு பதிப்புகளில் இருக்கிறது.

எப்படி முடிந்தது? எனக்குத் தோன்றுகிற காரணம் எளிமையானது. அரசியல் முதலாளிகள் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், தங்கள் படம் எந்த அளவில் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஞாயிறு பதிப்பின் கதைப் பக்கத்தை அவர்கள் அவ்வளவாகப் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில் சுதந்திரம் இருந்தது. தலையங்கத்தில் சொல்ல முடியாத தோட்டத் துண்டாடலும் வேலையில்லாத் திண்டாட்டமும் சிறுகதையில் வந்தன. நம் சிறுகதைகளை வகுப்பில் நடத்தும்போது இந்தப் பின்னணியையும் சேர்த்தால் பாடம் வேறு மாதிரி போகும்: இந்தக் கதை வந்த அதே ஏட்டின் முதல் பக்கத்தில் அன்று என்ன இருந்திருக்கும்?

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. ஆதி. குமணன். 'வானம்பாடி' வார இதழ், 'தமிழ் ஓசை', 'மலேசிய நண்பன்', 'மக்கள் ஓசை' என்று ஏடு மாறிக்கொண்டே போனவர். 2005இல் மறைந்தார். அவர் எங்கே போனாரோ அங்கே வாசகரும் கூடவே போனார்கள் என்று மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். முதலாளியோடு ஒத்துவராதபோது எழுந்து வெளியே போகவும், போகும்போது வாசகரை அழைத்துக்கொண்டு போகவும் ஓர் இதழாசிரியரால் முடிந்தது. பங்குப் பத்திரத்தில் எழுதியிருந்ததைவிட அது பெரிய பாதுகாப்பு. பெயரைப் பார்த்துப் பேப்பர் வாங்கிய வாசகர் இருந்ததால்தான் அது நடந்தது. இன்று மாணவர்களிடம் 'தமிழ் நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் பெயர் சொல்லு' என்றால் வகுப்பு அமைதியாகிவிடும்.

உள்ளூர் முதலாளி இல்லாவிட்டால் ஏடே இருக்காது என்கிற இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' உள்ளூர்க் குடும்பம் நடத்தியது. 1981 ஜூன் முதல் நாள், நூலகம் எரிந்த அதே நாள்களில், அதன் அலுவலகமும் எரிந்தது. 1985இல் வந்த 'உதயன்' போர்க்காலம் முழுக்க அங்கேயே நின்றது. 2006 மே 2இல் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள், 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். ஏடு நிற்கவில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற முதலாளி என்றைக்கோ மூடிவிட்டுப் போயிருப்பார். அதே உதயனின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினரானார். அதற்குப் பிறகு அந்தக் கட்சியைப் பற்றி உதயன் எழுதுவதை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும். துப்பாக்கிக்கு முன்னால் நின்ற ஏட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

கட்டுரை எழுதுகிற மாணவர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். 'நம் குரலாக ஒலிக்கின்றன' என்ற வரியை அழிக்க வேண்டாம். அதன் பின்னால் ஓர் 'ஆனால்' போட்டு ஒரு சான்று எழுதுங்க. விவாதக் கட்டுரையாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு முரசு திரட்டிய நிதி, மறுபக்கத்துக்குத் தமிழ் நேசனின் கடைசி ஆண்டுகள். இரண்டு சான்று போதும், கட்டுரை பொதுப்பேச்சிலிருந்து மேலே வந்துவிடும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் போட வேண்டாம், பெயரைச் சரியாக எழுதினாலே போதும். 'உடைமை', 'உரிமம்', 'உரிமை' மூன்றையும் குழப்பாதீர்கள். உடைமை முதலாளியிடம், உரிமம் அமைச்சிடம், உரிமை வாசகரிடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரே நாள் தேதியிட்ட இரண்டு தமிழ் நாளிதழ்களை வாங்கி, மாணவர்களைக் குழுவாகப் பிரித்துவிடுங்கள். முதல் ஐந்து பக்கத்தில் யார் படம் எத்தனை முறை? வாழ்த்து விளம்பரத்தில் இருக்கிற பெயர் செய்தியிலும் இருக்கிறதா? ஒன்றில் வந்து மற்றதில் வராத செய்தி எது? கடைசியாக, வெளியிட்டவர், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும், சட்டப்படி போட்டாக வேண்டும், அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கட்சிப் பேச்சுக்குள் போகாமலே இதைச் செய்யலாம். நாமும் அரசாங்க ஊழியர்கள்தானே, நம் பேனாவுக்கும் முதலாளி உண்டு என்பதை மறந்துவிட்டு இதை நடத்தச் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள், முடிவை மாணவர்களே சொல்லட்டும்.

பள்ளிக்கு ஒரு தமிழ் நாளிதழ் வாங்கினால் போதும் என்று நிர்வாகம் சொன்னால், இரண்டு வேண்டும் என்று கேளுங்கள். காரணம் கேட்டால் மொழிவளம் என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை.